ஒரு மூலை மட்டும்

வேல்விழிக்கு மூளை குறைச்சல் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பிடிவாதம்தான் கொஞ்சம் கூடுதல். விருத்தாசலத்தில் செராமிக் பொம்மை செய்யும் பட்டறையில் அவளுக்கும் எனக்கும் ஒரே மேசை. அச்சிலிருந்து ஈரமாக வரும் பொம்மைகளுக்குக் களிமண் குழம்பைத் தொட்டுக் கை ஒட்டுவோம். ஒட்டியதைப் பிடுங்கக் கூடாது. பொம்மையின் உடம்பும் சேர்ந்து கிழிந்துவிடும். தப்பாக ஒட்டினால் பொம்மை முழுசாகக் களிமண் கரைக்கும் தொட்டிக்குத்தான் போகும்.

மாசிமகக் கடையில் வாங்கிய கலர் கியூபை அவள் தானாகவே முட்டி மோதிக் கற்றுக்கொண்டிருந்தாள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு அதில் அப்படியொரு பெருமை. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் கலைத்துக் கொடுப்போம். நாங்கள் டிபன் பாக்ஸ் கழுவி வருவதற்குள் திருப்பித் திருப்பி ஆறு பக்கமும் நிறம் சேர்த்துவிடுவாள்.

2007 ஆடியில் அவள் வீட்டுக்காரர் அர்ச்சுனன் தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். கியூபு துண்டு துண்டாகப் போனது. வேல்விழி எல்லாவற்றையும் பொறுக்கி, நிறம் பார்க்காமல் கைக்கு வந்தபடி மாட்டினாள்.

"எப்படியும் திருப்பிச் சேக்கத்தானேக்கா போறேன்" என்றாள்.

அதன்பிறகு அது சேரவே இல்லை. எல்லாம் ஒழுங்காக வரும். கடைசியில் ஒரு மூலை மட்டும் திரும்பியே நிற்கும்.

அந்த நேரம் பார்த்து, சரக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறாயா என்று முதலாளி அவளைக் கேட்டார். திங்கட்கிழமை சொல்கிறேன் என்றாள்.

"வேணாம்னு சொல்லிடப் போறேன்க்கா" என்றாள் என்னிடம். "மண்ட மழுங்கிப்போச்சு. தெரிஞ்சதே மறந்துபோவுது."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கியூபைச் சூளையில் போட்டிருப்பேன்.

சனிக்கிழமை ஏதோ யோசனையில், ஒரு பொம்மைக்கு வலது கை இருக்க வேண்டிய இடத்தில் இடது கையை ஒட்டிவிட்டேன். சரியாக இருந்து தொலைக்காதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வேல்விழி சிரித்தாள்.

"எத்தினி திருப்பு திருப்புனாலும் ஒட்டுனது ஒட்டுனதுதாங்கக்கா. அது எப்படி..."

பாதியில் நிறுத்திவிட்டுப் பையிலிருந்து கியூபை எடுத்தாள். திரும்பி நின்ற மூலையில் விரலை வைத்துவிட்டுத் தயங்கினாள்.

"பிடுங்கலாமாக்கா?"

"அது என்ன களிமண்ணா? பிடுங்குடி!"

நெம்பினாள். மூலை கழன்று வந்தது. திருப்பி மாட்டினாள். ஆறு பக்கமும் சரியாக இருந்தது.

"நான் மறக்கலக்கா. மாட்டுனதுதான் தப்பு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை வரை அவள் காத்திருக்கவில்லை. கைகூடக் கழுவாமல் முதலாளி அறைக்கு நடந்தாள்.

"அந்த வேலய நானே பாக்கறேங்க" என்று அவள் சொன்னது எங்கள் மேசை வரைக்கும் கேட்டது.