முன் சக்கரத்தில் ஏழு கோடுகள்

அவரை எல்லோரும் கிராம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பத்தேழு. கடை பதினோரு அடி அகலம், இருபத்திரண்டு அடி நீளம். மண்பாதைக்கும் மலைப்பாதைக்கும் போகிற உயரமான அட்வென்ச்சர் பைக்குகளுக்கு டயர் மாற்றுவது, மாற்றிய சக்கரத்தின் எடையை எல்லாப் பக்கமும் சமமாகப் பேலன்ஸ் செய்வது, இந்த இரண்டும் தவிர அங்கே வேறு வேலை நடக்காது. செயின் தளர்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால், பேசாமல் அடுத்த கடையைக் கை காட்டுவார்.

பட்டப்பெயர் வந்த கதை சின்னதுதான். ஒரு வாடிக்கையாளர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, அண்ணன் தன் சட்டைப் பையில் ஐந்து கிராம் ஈயத்துண்டு ஒன்று மிச்சமிருப்பதைக் கண்டார். சக்கரத்தில் ஒட்டியிருக்க வேண்டிய துண்டு. சைக்கிளை எடுத்து இரண்டரை கிலோமீட்டர் துரத்தி, சிக்னலில் மடக்கி, நடுரோட்டிலேயே ஒட்டிவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு மூக்கின்மேல் விரல் வைத்தவர்களில் முதல் ஆள் பக்கத்துக் கடை வெல்டர். பெயர் வைத்ததும் அவர்தான்.

வேலை முறை ஒருநாளும் மாறாது. கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். மின்விசிறியை நிறுத்துவார், காற்று பட்டாலும் சக்கரம் அசையும். சக்கரத்தை ஸ்டாண்டில் ஏற்றி, மெல்லச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுவார். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும். அதற்கு நேர் மேலே டயரில் சாக்பீஸால் ஒரு கோடு. இப்படி மூன்று முறை. மூன்று கோடும் ஒரு விரல் அகலத்துக்குள் விழுந்தால்தான் நம்புவார். பிறகுதான் அந்த இடத்தில் ஈயம் ஒட்டுவார்.

"அண்ணன் பிடிச்ச முயலுக்கு மூணு கோடு" என்பார் வெல்டர்.

மனைவி தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் பிரிவில் இருபத்தாறு வருடமாக வேலை செய்கிறார். அந்தப் பிரிவில், மலைக்கு மேலே ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சிற்றூருக்குத் தனிப் பை உண்டு. ஒரு நாளைக்கு நாலு கடிதம், மிஞ்சிப்போனால் ஐந்து. "அங்க யாருதான் இருக்காங்கன்னு ஒருதரம் பாத்துட்டு வரணும்ங்க" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர், ஐம்பத்திரண்டாவது வயதில் பழைய அட்வென்ச்சர் பைக் ஒன்றை வாங்கி, ஒரு வருடம் ஓட்டிப் பழகினார். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களோடு பயணம் முடிவாயிற்று. பதினோரு நாள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் புறப்பாடு.

கிராம் அண்ணன் போகாதே என்று சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சாப்பிடும்போதும் துணி மடிக்கும்போதும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "டவர் கிடைக்காத இடத்துல பஞ்சர் ஆனா என்ன பண்ணுவ?"

திங்கட்கிழமை முன் சக்கரத்துக்குப் புது டயர் போட்டார். மூன்று கோடும் ஒன்றாக விழுந்தன. இருபது கிராம் ஒட்டினார். புதன்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த மனைவி, "அறுபதுக்கு மேல போனா ஹேண்டில் நடுங்குதுங்க" என்றார்.

வியாழக்கிழமை, ஒட்டிய ஈயத்தை எடுத்துவிட்டுச் சக்கரத்தை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றினார். முதல் கோடு வால்வுக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டாவது ஒரு முழம் தள்ளி. மூன்றாவது எதிர்ப்பக்கம். ஸ்டாண்டைச் சந்தேகப்பட்டு வேறொரு சக்கரத்தை ஏற்றினார்; அது ஒழுங்காக நின்றது. பேரிங்கை மாற்றினார். ரிம்மைக் கழுவினார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் டயரில் ஏழு கோடுகள், ஒன்றுக்கொன்று உறவில்லாமல். டயருக்குள்ளே பார்க்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. தன் கையால் துடைத்து, தன் கையால் மாட்டிய டயர். உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது?

"இன்னும் சரியா வரல" என்று வீட்டில் சொன்னார். கால்சட்டைகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த மனைவி, ஒன்றை எடுத்து உதறி மறுபடி மடித்தார்.

சனிக்கிழமை மதியம் ஒன்றேகால் மணிக்கு மனைவி கடைக்கே வந்துவிட்டார்.

"வீலைக் குடுங்க."

"எதுக்கு?"

"வேற கடையில காட்டுறேன்."

வெல்டர் தற்செயலாக வருவதுபோல வந்து வாசலில் நின்றார்.

"ஊருக்கெல்லாம் அஞ்சு கிராமைத் துரத்திட்டு ஓடுற மனுஷனுக்கு, பொண்டாட்டி வீல் மட்டும் மூணு நாளா நிக்கலையா?" மனைவியின் குரல் உயரவில்லை. "போக வேணாம்னா நேரா சொல்லுங்க. வீலைச் சாக்கா வைக்காதீங்க."

முப்பது வருடத் தொழிலில் ஒரு கிராம் பொய் சொன்னதில்லை. அதை எல்லோரையும்விட நன்றாக அறிந்த ஆள் அவள்தான் என்று நினைத்திருந்தார். முகம் சுருங்கிப்போயிற்று.

"உன் கண் முன்னாடியே பிரிக்கிறேன். பாத்துட்டு எங்க வேணா கொண்டு போ."

காற்றை இறக்கினார். லீவரைக் கொடுத்து டயரின் விளிம்பை நெம்பினார். ரிம்மை விட்டு டயர் பிரிந்ததும், பச்சை நிறத்தில் கொழகொழவென்று ஏதோ வழிந்து அவர் செருப்பின்மேல் விழுந்தது.

பஞ்சர் சீலன்ட். டயருக்குள் ஊற்றி வைத்தால் சின்ன ஓட்டைகளைத் தானே அடைக்கும் திரவம். அவருக்குப் பிடிக்காத பொருள். அதை அவர் மூக்குச்சளி என்றுதான் சொல்வார். ஸ்டாண்டில் நிற்கும் சக்கரத்துக்குள் அது மெல்ல நகர்ந்து இடம் மாறிக்கொண்டிருந்தால், கோடு எப்படி ஒரே இடத்தில் விழும்?

மனைவி வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயய்யோ. நான்தாங்க."

"எப்ப?"

"செவ்வாக்கிழமை. உங்க பெட்டியில இருந்த வால்வு கழட்டுற சாவிய எடுத்து... ஒரு வீலுக்கு ஒரு பாட்டில்னு போட்டிருந்தது. ரெண்டு ஊத்துனேன்."

"ரெண்டா!" என்றார் வெல்டர்.

"நீங்க தூக்கத்துலகூட பஞ்சர் பஞ்சர்னு பொலம்புனீங்களே. மலைக்குப் போய்ச் சேந்த பிறகு போன்ல சொல்லலாம்னு இருந்தேன், பயப்படாதீங்க, உள்ள மருந்து இருக்குன்னு. முன்னாடியே சொன்னா சளிய ஏன் ஊத்துனேன்னு திட்டுவீங்க."

"திட்டியிருப்பேன்."

"நான் உங்களைப் போய்..." என்றவர், கணவரின் செருப்பின்மேல் இருந்ததைத் துடைக்கத் துணி தேடினார்.

"நீ சொன்னது முழுசும் தப்பில்ல" என்றார் அவர், டயரைப் பார்த்தபடியே. "ரெண்டாவது கோடு தள்ளி விழுந்துச்சில்ல. அப்ப கொஞ்சம் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அதனாலதானோ என்னமோ, பிரிச்சுப் பாக்கணும்னே தோணல."

வெல்டருக்கு அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்தது. அவர் கடையில் அடுப்பே கிடையாது. ஆனாலும் போய்விட்டார்.

மனைவி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு குந்தினார். "சோப்பு எங்க இருக்கு?"

இருவரும் சேர்ந்து டயரை மூன்று தண்ணீரில் கழுவினார்கள். துடைத்து, மாட்டி, காற்றடித்து ஸ்டாண்டில் ஏற்றியபோது மணி மூன்று பத்து. மின்விசிறியை மனைவியே நிறுத்தினார். முதல் கோடு. அதன்மேலேயே இரண்டாவது. மூன்றாவதுக்குச் சாக்பீஸை அவரிடம் நீட்டினார் கிராம் அண்ணன். மனைவி போட்ட கோடு கொஞ்சம் கோணல், ஆனால் ஒரு விரல் அகலத்துக்குள்தான் இருந்தது. அதே இடம், திங்கட்கிழமை கண்ட அதே இருபது கிராம்.

அதோடு விடவில்லை. பழைய டயர் ஒன்றில் ஆணியை அடித்து இறக்கி, மனைவியின் முன் உருட்டினார்.

"பஞ்சர் போடு."

"இப்பவா?"

"டவர் இல்லாத இடம். நான் இல்ல. போடு."

முதல் முறை பதினாறு நிமிடம். உள்ளங்கையில் கொப்புளம். இரண்டாவது முறை ஒன்பது நிமிடம். அவர் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். எடுத்தால் உதவிக்குப் போய்விடும். மூன்றாவது முறை ஏழு நிமிடத்தில் முடித்து மனைவி நிமிர்ந்தபோது அவர் எழுந்துபோய்க் கைகழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஞாயிறு காலை ஆறு மணி நாலு நிமிடத்துக்கு மூன்று வண்டிகளும் தெருமுனையில் திரும்பின.

பதினொன்று இருபதுக்குப் போன் வந்தது.

"ஹேண்டில் நடுங்குதா?"

"இல்லைங்க. ஒரு நிமிஷம் கையக்கூட எடுத்துப் பாத்தேன். நேரா போச்சு."

"கைய எடுத்தியா? எத்தனை வேகத்துல?"

"கேப்பீங்கன்னு தெரியும், அதான் மீட்டரப் பாத்து வெச்சேன். எழுவத்திரெண்டு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, சாக்பீஸை எடுத்துக் கடைச் சுவரில் 72 என்று எழுதினார். பிறகுதான், கையை எடுத்ததற்காகத் திட்ட ஆரம்பித்தார். அந்தப் பக்கம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.