ஓலை மூன்றும் முடியட்டும்

கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் எங்கள் மாதா கோயிலில் பூசை முடியும்போது ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்லலாம் என்று. பெண் வீட்டில் யாருக்காவது மண்டைக்குச் சரியில்லை என்பதும் எங்கள் ஊர்க் கணக்கில் தடைதான்.

எனக்கு ஓலை வாசிக்கத் தொடங்கியபோது தம்பிக்குப் பத்தொன்பது வயது. குழித்துறைப் பக்கம் பாலிடெக்னிக்கில் படித்தான். ஒரு மாதமாகத் தூக்கமில்லை. ஒட்டுக் கேட்கிறது என்று சொல்லிப் போனை அரிசிப் பானைக்குள் புதைத்தான். அம்மா, காதலாக இருக்கும் என்றாள். நான் நர்ஸ். இதற்குத் தொடக்கத்திலேயே வைத்தியம் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவள். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாயில்லை.

முதல் ஓலைக்கு மறுநாள் அவனுடைய வகுப்பு சார் போன் செய்தார். "இந்த வயசுப் பிள்ளைகளுக்குன்னே ஆஸ்பத்திரியில தனியா பாக்காங்க. இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க." சரி சார் என்றேன். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் ஊர்க்காரர் ஒருவர் பார்த்தால் போதும், மாப்பிள்ளை வீடு வரை போய்விடும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மாப்பிள்ளையோ குவைத்திலிருந்து ஒரு மாத லீவில் வந்திருந்தார்.

இரண்டாம் ஞாயிறு தம்பியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் பூசைக்குப் போனோம். திரும்பி வந்தபோது அடுக்களை வாசலில் நின்றான்.

"அக்கா, மண்டைக்குள்ள ஆளுவ பேசுதாவ. பயமா இருக்கு. என்னைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவியா?"

அவனாகவே கேட்டான். அப்படிக் கேட்பது எவ்வளவு அபூர்வம் என்பதும் எனக்குத் தெரியும்.

"இன்னும் ஒரு ஓலைதான் மக்கா. கல்யாணம் கழியட்டும், நானே கொண்டு போறேன். யாரு கிட்டயும் சொல்லாத, கேட்டியா?"

"செரி" என்றான். சொன்னபடியே வாய் திறக்கவில்லை. கல்யாணத்தன்று வெள்ளைச் சட்டை போட்டுப் போட்டோவுக்கும் நின்றான்.

மறுவீடு முடிந்து ஆட்டோவோடு வந்தேன். தம்பி அறைக் கதவைத் திறக்கவில்லை. மண்டைக்குள் பேசுகிறவர்களோடு நானும் சேர்ந்துவிட்டேனாம். எனக்கு விசா வந்தது, போய்விட்டேன். அம்மா ஜெபக்கூட்டங்களுக்கு அலைந்தாள். படிப்பு நின்றது. டாக்டரிடம் அவன் போய்ச்சேர இரண்டு வருடமாயிற்று, அதுவும் நாலு பேர் பிடித்துக்கொண்டு. விஷயம் தெரிந்தபோது என் கணவர், "சொல்லியிருந்தா நானே கூட வந்திருப்பேனே" என்றார். அந்த நல்ல மனதைக் கண்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இப்போது மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். ஒரு பெயின்ட் கடையில் வேலை. நிறங்களின் பெயர் நினைவுக்கு வரக் கொஞ்சம் நேரமாகும். போன லீவில் அவனை நான்தான் டாக்டரிடம் கூட்டிப் போனேன். புதிதாக வந்த டாக்டர் கேட்டார், "ஆரம்பத்துலயே யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

நான் பைக்குள் பழைய மருந்துச் சீட்டைத் தேடினேன்.

"ஞாபகம் இல்ல, டாக்டர்" என்றான் தம்பி.

வெளியே செருப்பை மாட்டும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீதானே அக்கா, யாரு கிட்டயும் சொல்லாதன்னு சொன்ன."