அடுத்த ஸ்டாப்புக்கு ஒரு டிக்கெட்

“...தாண்டிப் போயி திரும்பி நடக்க எனக்கு ஏலாது. மனசுக்குப் பாக்கிற ஆஸ்பத்திரி வாசலுக்கே ரெண்டு ஃபுல், ஒரு ஹாஃப் தாரும்” என்று அப்பா கண்டக்டரிடம் சொன்னதும் பஸ்ஸில் பாதித் தலை திரும்பியது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள். சொன்னது அவர், கிள்ளு எனக்கு.

அப்பா கொத்தனார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர். திருவனந்தபுரத்தில் பாதிச் சுவர் அவர் பூசியதுதான் என்று பள்ளிக்கூடத்தில் அளந்துகொண்டிருப்பேன். எனக்கு ஒன்பது வயதான வருஷம் ஒருநாள் பூச்சுக் கரண்டியைக் கழுவி மூலையில் வைத்தார். அப்புறம் எடுக்கவே இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். மீன் குழம்பு வைத்தாலும் இரண்டு வாய்தான். என் ப்ராக்ரஸ் கார்டில் கையெழுத்துப் போட அரை மணி நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமா மடி, வெறும் சோம்பேறித்தனம் என்றார். பக்கத்து வீட்டுச் சேச்சி கண்ணேறு என்றாள். அப்பாவுக்கு வேலை கொடுக்கிற மேஸ்திரிக்குத்தான் பெரிய ஆச்சரியம்: “குடிக்கிற ஆளுன்னா ஒரு காரணமாவது சொல்லலாம். இது என்னவாக்கும்?”

ஒருநாள் அப்பா, “நான் இல்லேன்னா உங்க பாடு லேசாயிடும்” என்றார். அம்மா மறுநாளே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். உடைத்த கையோடு அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மாமா தடுத்ததற்கு, “தேங்காயும் உடைப்பேன், டாக்டரையும் பாப்பேன். உமக்கென்ன?” என்று கேட்டாள். இது மடியில்லை, டிப்ரஷன் என்கிற நோய். மாத்திரை பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் விட்டுவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னாராம். வீட்டில் ஆளில்லாததால் ஒவ்வொரு தடவையும் நானும் போனேன். டீச்சரிடம் பல்வலி என்று சொல்லச் சொன்னாள் அம்மா. அந்தக் கணக்குக்கு என் வாயில் பல்லே மிஞ்சியிருக்கக் கூடாது.

அந்த வழியில் ஒரு பழக்கம் உண்டு. ஆஸ்பத்திரி ஸ்டாப்பை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, வெயிலில் திரும்பி நடப்பார்கள். நாங்களும் இரண்டு தடவை நடந்தோம். இரண்டாம் தடவை பாதி வழியில் அப்பா ஒரு மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். “ஒளிஞ்சு போக நான் களவா செய்தேன்? இப்படித்தான்னா இனி நான் வரல்ல.” மருந்தும் நின்றுபோகுமே என்று அம்மா நடுரோட்டில் அழுதாள்.

மூன்றாம் தடவைதான் இந்த பஸ். எங்கள் நேரம், முன்சீட்டில் மேஸ்திரி.

“எந்த வார்டு, கொத்தனாரே?” என்று திரும்பிச் சிரித்தார்.

“வார்டில்ல, ஓ.பி. சாரத்திலேருந்து விழுந்து கால் ஒடிஞ்சா கட்டுப்போடப் போவீருல்லா? எனக்கு உள்ளே ஒடிஞ்சிருக்கு, போறேன். சொகமானதும் வேலைக்குப் போவேன். சீக்கைப் பாத்துச் சிரிக்கிறவருக்குக் கீழே இல்ல.”

மூன்று மாதத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மேஸ்திரிக்கு ஜன்னலுக்கு வெளியே ஏதோ வேலை வந்துவிட்டது. கண்டக்டர் மட்டும், “செரி சேட்டா” என்று மெஷினிலிருந்து டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, பின்சீட்டில் குடையோடு இருந்த அக்காவிடம் போனார். அவள் மெல்ல அடுத்த ஸ்டாப்பின் பெயரைச் சொன்னாள்.

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. இறங்கித் திரும்பினால், அந்த அக்கா படிக்கட்டுக்கு மேலே நிற்கிறாள். இறங்கவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. டிக்கெட் இன்னும் ஒரு ஸ்டாப் பாக்கியிருக்கே, இவளுக்கு இங்கே என்ன வேலை என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. நல்ல டிக்கெட்டைப் பாழாக்குகிறாளே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

கண்டக்டர் பெல் கயிற்றைப் பிடித்தார்.

“நில்லும், ஆளிறங்கணும்” என்று அப்பா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய குடையை வாங்கிக்கொண்டார்.