சம்லியின் கோழியும் புவாவின் சோறும்

தாய்லாந்தின் சுரின் ஊர்ச் சம்லிக்கு வாய் அதிகம். சுட்ட கோழியைக் குச்சியில் குத்திக் கூடையில் அடுக்கி, நான் கார்டாகப் போகும் உபோன் பாசஞ்சரில் ஏறினால் பெட்டிக்குப் பெட்டி வம்பு வளர்ப்பாள். "ஏம்பா கார்டு, வண்டி தானா ஓடுதா, நீ தள்ளுறியா?" என்பது எனக்குக் கிடைக்கும் தினப்படி மரியாதை.

அந்த வாய் நடுவழியில் ஒரு சின்ன ஸ்டேஷனில் மட்டும் மூடிக்கொள்ளும். ஒற்றைத் தண்டவாளம், எதிர்வண்டி அங்கே வந்து ஒதுங்கினால்தான் எங்களுக்கு வழி. அந்த எதிர்வண்டியில் அவள் தங்கை புவா, உபோனிலிருந்து பிசுபிசுவென ஒட்டும் அரிசிச் சோற்றுப் பொட்டலங்களோடு வருவாள். அம்மா விட்டுப்போன வயலுக்காக அடித்துக்கொண்டு, ஏழெட்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சோறு இல்லாமல் கோழியை எவன் தின்பான்? ஆகவே இரண்டு வண்டிக்கும் நடுவே நின்று, பாதிக் கோழிக்குப் பாதிச் சோறு மாற்றிக்கொள்வார்கள். முகம் பார்க்க மாட்டார்கள். பிறகு வண்டி மாறி ஏறி, விற்றுக்கொண்டே வீடு திரும்புவார்கள். இப்படிப் பிடிவாதம் பிடித்த இரண்டு ஜென்மங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் ஒருநாள் எதிர்வண்டி வந்தது. புவா இறங்கவில்லை.

சம்லி கூடையோடு என்னிடம் வந்தாள். "அவ எங்கேன்னு நான் கேக்கல. சோறு எங்கே?"

எதிர்வண்டி கார்டிடம் விசாரித்துவிட்டு வந்தேன். "காலையில பிளாட்பாரத்துலயே மயங்கி விழுந்துட்டாங்களாம்க்கா. உபோன் பெரியாஸ்பத்திரியில சேத்திருக்காங்க. இன்னும் கண்ணு முழிக்கலையாம்."

"சரி" என்றாள். அவள் ஊருக்குப் போகிற வண்டி எதிரே தயாராக நின்றது.

"அக்கா, உங்க வண்டி கிளம்பப் போகுது."

"எனக்கும் கண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் வண்டியிலேயே மறுபடி ஏறினாள்.

கோழி கேட்டவர்களிடம் "விக்கிறதுக்கில்ல" என்றாள். கூடையைத் துணியால் மூடி மடியில் வைத்துக்கொண்டாள். உபோன் வரை அவள் திட்டாமல் உட்கார்ந்திருந்தது எனக்குப் பயமாக இருந்தது. வண்டி அங்கேயே முடிவதால், வேலையை ஒப்படைத்துவிட்டு நானும் துணைக்குப் போனேன்.

புவா கண் விழித்திருந்தாள். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அக்காவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள்.

"நீ வரமாட்டேன்னு நெனச்சேன்க்கா."

சம்லி கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் அப்படித்தான்டி நெனச்சேன்."