பிரபுவுக்குக் கேட்ட அழுகை

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் எங்கள் ஆற்றுப் பாலத்தில் இருட்டின பிறகு ஒருமுறை தனியாக நின்று பார்க்கட்டும். இது என் கண் முன்னால் நடந்தது.

கில்மோரன் பிரபுவின் மாளிகையில் நான் சமையற்காரி. என் புருஷன் ஃபெலிம் காவனா அங்கே வண்டிக்காரர். நவம்பர் மாதம், விளக்கு வைக்கிற நேரம். நகரத்துக் கூட்டத்தில் பேசப் பிரபு கிளம்ப வேண்டும். மழையோ விட்டபாடில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்... ஒரு பெண் அழுகிறாள். இடையில் மூச்சே வாங்காமல் அழுகிறாள்.

நாய் மேசைக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. பான்ஷீ! காவனா குடும்பம் மாதிரி எங்கள் பழைய அயர்லாந்துக் குடும்பங்களில் சாவு விழுமுன் வந்து அழுகிற பெண் ஆவி. பிரபுவின் முன்னோர் மாதிரி இங்கிலாந்திலிருந்து வந்து நிலத்தை வளைத்துப் போட்டவர்களுக்கு அவள் அழுததே கிடையாது.

"ஏங்க, கேக்குதா?"

"எது?" ஃபெலிம் பூட்ஸை மாட்டிக்கொண்டே சிரித்தார். "உன் காதுல எறும்பு பூந்துடுச்சா புள்ள?"

பிரபு மாடிப்படியில் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கேட்டியா நூலா? எனக்காக அழறா! முந்நூறு வருஷமா வந்தேறி, வந்தேறின்னு கத்துறானுங்களே, இப்ப என்ன சொல்லுவானுங்க?" ஃபெலிம் பக்கம் திரும்பினார். "நான் இன்னிக்கு வெளிய கால் வைக்கமாட்டேன். நீ போய்ச் சொல்லிட்டு வா."

"ஐயா, ஆத்துல வெள்ளம். காலையில போகட்டுமே..."

"ஆபத்து எனக்குத்தாம்மா. அவனுக்கு என்ன?"

காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வேலைக்காரி பேச்சு எங்கே எடுபடும்?

வண்டி புறப்பட்டது.

அழுகையும் புறப்பட்டது.

வண்டிக்குப் பின்னாலேயே... வாசலைத் தாண்டி... மரங்களைத் தாண்டி...

"ஏங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை.

மறுநாள் பாலத்தின் கீழே கிடந்தார். குதிரை மட்டும் கரையேறி நின்றது.

உடலைக் குளிப்பாட்ட வந்த மேவ் என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"அவருக்கு அந்த அழுகை கேட்டுச்சா?"

"இல்லையே."

"சாகப்போறவங்க காதுக்கு மட்டும் அது கேக்காதுடி."

பிரபு அதற்கப்புறம் இருபது வருஷம் இருந்தார். மேடையில் இந்தக் கதையைச் சொன்னார். நாடாளுமன்றத்துப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு விருந்து வைத்தும் சொன்னார்.

"எங்க வீட்டுக்காக அழுதா. அன்னிக்கே என் வண்டிக்காரன் போயிட்டான். நாங்க இந்த மண்ணு இல்லையா, சொல்லுங்க! நம்பிக்கை இல்லேன்னா இவளைக் கேளுங்க. சொல்லு நூலா!"

சூப் பாத்திரம் என் கையில்.

"ஆமாங்க ஐயா... கேட்டேன்."