வாசலோடு நின்றுவிட்ட சப்பாத்து

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது. நான் மலேசியாவின் ஜொகூரில், மாசாய் வட்டாரத்துக் கிளினிக் ஒன்றில், புண்களுக்குக் கட்டுப் போடும் அறையில் தாதியாக இருக்கிறேன். அப்போதே பதினாறு வருட அனுபவம். புண்ணைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவேன் என்ற திமிர் வேறு.

கட்டுப் போட வந்த ஒரு அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய், உண்டு. வலது கால் பெருவிரலுக்கு அடியில் இருபது காசு நாணய அகலத்துக்கு ஒரு புண். கால் மரத்துப் போயிருந்ததால் வலியே தெரியாது. இரண்டு மாதமாக ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தார். கழுவி, செத்த தோலை வெட்டி, மருந்து வைத்துக் கட்டுவோம். கொஞ்சம் சிவந்து ஆறுவதுபோல் தெரியும். அடுத்த முறை வரும்போது பழையபடி சொதசொதவென்று இருக்கும்.

"வாயைக் கட்டுங்கக்கா" என்பதுதான் எங்கள் எல்லோருடைய ஒரே பாட்டு. அவர் சீனி அளவு எழுதிய நோட்டை நீட்டுவார். எல்லாம் ஒழுங்காக இருக்கும். வீட்டில் உட்கார்ந்து இஷ்டத்துக்கு எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ரத்தப் பரிசோதனையும் மோசமில்லை என்றுதான் வந்தது. ஆனாலும் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கடைசியில் பெரிய மருத்துவமனையில் விரலை எடுத்துவிடலாம் என்று தேதி கொடுத்துவிட்டார்கள். அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். விரல் முக்கியமா உயிர் முக்கியமா என்று அவரைப் பிடித்து நன்றாகத் திட்டினேன். அவர் அசரவில்லை.

"மிஸ்ஸி, வெட்டணும்னு எல்லாரும் சொல்றீங்க. ஏன் ஆறலன்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களா? அத சொல்லுங்க, நானே கையெழுத்து போடுறேன்லா. சும்மா என் வாயவே பாக்காதீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றைக்குப் பார்த்து மழை சாய்த்துக்கொண்டு அடித்தது. எங்கள் கிளினிக்கில் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வாசலில் சப்பாத்து வைக்கும் தட்டில் இருந்ததெல்லாம் நனைந்தது. ஓடிப்போய் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்தேன். அக்காவின் தொழிற்சாலைச் சப்பாத்து, முனையில் இரும்பு வைத்தது, தண்ணீர் நிரம்பிக் கனத்தது. கொட்டிவிட்டு, உள்ளே கைவிட்டுத் துடைத்தேன். விரலில் சுருக்கென்று ஏதோ குத்தியது.

உள்ளடி பிளந்து, அதன் விளிம்பு விறைத்துத் தூக்கிக்கொண்டு நின்றது. சரியாகப் பெருவிரல் வரும் இடம். சுற்றிலும் பழுப்புக் கறை.

இரண்டு மாதம் அந்தக் காலை மடியில் வைக்காத குறையாகப் பார்த்தேன். அது எதற்குள் போய் வருகிறது என்று ஒருநாளும் பார்க்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

சொட்டச் சொட்ட அதை உள்ளே கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா அதை வாங்கி உள்ளே பார்த்தார். "இத்தன நாளா என்னைய திருடி மாதிரி பாத்தீங்களே, மிஸ்ஸி" என்றார். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. "சரி, இப்ப என்ன செய்யலாம், அத பேசுங்க" என்றார்.

அதே சப்பாத்தோடு எங்கள் கிளினிக் டாக்டர் அறைக்குப் போனேன். மேசை அழுக்காகிறது என்று அவர் முகம் சுளித்தார். நான் நகரவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது, காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறது, வெட்டுவதற்கு முன் ஒரு மாதம் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். காய்ச்சலோ சிவப்போ வந்தால் உடனே அனுப்ப வேண்டும் என்ற கண்டிப்போடு நான்கு வாரம் கிடைத்தது.

புண்ணில் எடை விழாதபடி தடித்த கம்பளிப் பட்டையின் நடுவில் ஓட்டை வெட்டி, புண்ணைச் சுற்றி ஒட்டினேன். முன்பக்கம் திறந்த செருப்பு ஒன்றும் வாங்க வைத்தோம். உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் கடிதம் எழுதினார். ஆனால் தொழிற்சாலையில், சப்பாத்து இல்லாமல் கேட்டைத் தாண்டக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அக்கா திரும்பிப் போகவில்லை. கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காவலர் கொட்டகை வாசலிலேயே பாதி நாள் உட்கார்ந்திருந்தாராம். போகிற வருகிறவர்கள் எல்லாம் ஏன் என்று கேட்க, கடைசியில் நிர்வாகியே இறங்கி வந்து லேபிள் ஒட்டும் மேசையில் இடம் கொடுத்தார்.

நான்காவது வாரம் புண் பாதியாகச் சுருங்கியிருந்தது. அறுவைச் சிகிச்சையை நிறுத்திவைத்தார்கள். ஒன்பதாவது வாரம் முழுக்க மூடிவிட்டது. அன்றைக்கு அக்கா அந்த விரலை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அதிலிருந்து, காலில் புண்ணோடு வருகிறவர்கள் போட்டுவந்த சப்பாத்தையும் செருப்பையும் பிளாஸ்டிக் பையில் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று வழக்கமாக வைத்துவிட்டேன். தரை பாழாகிறது என்று தலைமைத் தாதியிடம் மூன்று முறை திட்டு வாங்கியாகிவிட்டது. தரையைத் துடைத்துக்கொள்ளலாம், வெட்டிய விரலை ஒட்ட வைக்க முடியாது என்று சொல்லிவிட்டு நானே துடைத்துவிடுகிறேன். இன்றும் ஒரு புண் ஆறாமல் இழுத்தடித்தால் நோயாளியைத் திட்டத்தான் நாக்கு முந்துகிறது; அதை அடக்கிக்கொண்டு, நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்றுதான் முதலில் தேடுகிறேன்.