சனியின்ர நிலவில நான் அராவித் தள்ளின மலை

பைபர் பசையின்ர மணம் தெரியுமோ? மூக்குக்குள்ள போனா நெற்றிப்பொட்டு வரைக்கும் ஏறும். உயர்தரம், ஏ.எல் படிக்கேக்க, எங்கட பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குப் பின்னால ரெண்டு கிழமையா அந்த மணம்தான்...

விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. மற்றவங்கள் எரிமலையும் காற்றாலையும் செய்தாங்கள். நானும் சகாயமும் சனிக் கோளின்ர நிலவு ஒண்டைச் செய்தம். பேர் இயாபெட்டஸ். ஒரு பக்கம் கரிக்கறுப்பு, மற்றப் பக்கம் பனி வெள்ளை. நான் அதைத் தெரிவு செய்ததுக்கு ஒரே காரணம், பெயின்ற் அடிக்கிறது லேசு.

நான் விசுவமடு, வயல்காரர் வீடு. சகாயம் முல்லைத்தீவுக் கரை. அவன்ர தமையன் மீன்பிடிக்கிற ஆக்களின்ர உடைஞ்ச பைபர் படகுகளை, போட்டுகளை, ஒட்டிக் குடுக்கிறவர். லீவு நாளில இவனும் அங்க வேலைக்கு நிப்பான். பசை, பைபர் பாய் எல்லாம் அங்கயிருந்துதான் வந்தது. அச்சுக்குத் தாய் பொரிக்கிற பெரிய தாச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அம்மா கேட்டா என்னடா சொல்லுவாய்?"

"கேட்டவா. நிலவு வார்க்கப் போறன் எண்டனான். செருப்பைத் தேடினவா."

தாச்சிக்குள்ள ரெண்டு தரம் வார்த்து, ரெண்டு பாதியையும் கவிழ்த்து ஒட்டினான். மேலயும் கீழயும் கொஞ்சம் நசுங்கின உருண்டை. நான் முகத்தைச் சுளிச்சன்.

"உண்மையான சாமானும் நசுங்கினதுதான் மச்சான். படத்தைப் பார்" எண்டு போனை நீட்டினான்.

பார்க்க எனக்குப் பொறுமையில்லை. குறிப்பு எழுதுறது நான், மேசைக்கு முன்னால நிண்டு விளங்கப்படுத்திறது நான், கைவேலை அவன். அப்பிடித்தான் பிரிச்சு வைச்சிருந்தன். அவனிட்ட கேக்கக்கூட இல்லை.

ஏன் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு எண்டு எனக்குப் பிடிபடவே இல்லை. சிரட்டைக்கரியை அரைச்சு பெயின்றோட குழைச்சுக்கொண்டே அவன் சொன்னான்: "அது சனியைச் சுத்தேக்க எப்பவும் ஒரே முகத்தைத்தான் முன்னுக்கு வைச்சுக்கொண்டு போகுது. ஓடுற போட்டில முன்பக்கத்திலதானே தண்ணி அடிக்கும்? அப்பிடித்தான்... வழியில கிடக்கிற தூசி எல்லாம் அந்தப் பக்கத்தில படிஞ்சு கறுத்துப்போச்சு."

அதை அப்பிடியே என்ர குறிப்பில எழுதினன். அவன்ர பேரைப் போடேல்லை.

கண்காட்சிக்கு முதல் நாள் மத்தியானம் தமையனுக்கு அவசர வேலை எண்டு சகாயம் பஸ் ஏறிட்டான். நான் தனிய நிண்டு உருண்டையைத் திருப்பிப் பார்த்தன். கறுப்புப் பக்கத்தில, நடுவால, விரல் தடிப்புக்கு ஒரு வரம்பு ஓடுது. ரெண்டு பாதியும் பொருந்தின இடம்.

போட் ஒட்டு மாதிரி விட்டிட்டுப் போயிட்டான் எண்டு எரிச்சல் வந்தது. அரத்தை எடுத்தன். அராவி, சாண்ட் பேப்பர் போட்டு, திருப்பிக் கரி பூசினன். பைபர் தூள் பட்டு ரெண்டு நாளைக்குக் கை கடிச்சது.

ஒண்டை மட்டும் யோசிக்கேல்லை. வெள்ளைப் பக்கத்தில அதே ஒட்டை அவன் வழவழப்பாத் தேய்ச்சிருந்தவன். கறுப்புப் பக்கத்தில மட்டும் ஏன் விட்டவன்? அளந்து பார்த்து வேலை செய்யிறவன் எண்டு பெருமை அடிச்ச எனக்கு அந்தக் கேள்வி வரேல்லை...

காலமை சகாயம் வந்தான். உருண்டையை ஒருக்காச் சுத்திப் பார்த்தான்.

"மலை எங்கயடா?"

"என்ன மலை?"

"நடுவால போனது மலைத்தொடரடா. அந்த நிலவில இருக்கு. சில இடத்தில இருபது கிலோமீற்றர் உயரம். வேணுமெண்டுதான் வைச்சனான்."

"ஒட்டெண்டு நினைச்சன். உன்ர வேலை எல்லாம் போட் வேலை மாதிரித்தானே இருக்கும், பினிஷ் இருக்காது."

அதுக்குள்ள நடுவர்மார் வந்திட்டினம்.

அதில ஒரு மிஸ், பௌதிகம் படிப்பிக்கிறவா. கறுப்பு வெள்ளைக் காரணத்தை நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டு நிண்டவா. பிறகு குனிஞ்சு பார்த்திட்டுக் கேட்டா: "நல்லாச் செய்திருக்கிறீங்கள் தம்பி. ஆனா இதின்ர நடுவில ஒரு மலைத்தொடர் இருக்கவேணுமே... விட்டிட்டீங்களோ?"

வகுப்பு முழுக்கச் சுத்திவர நிக்குது.

"செய்தது இவர்தான் மிஸ். விட்டிட்டார் போல."

என்ர வாய்தான் சொன்னது. யோசிக்கிறதுக்கு முதல் சொல்லிட்டுது.

மிஸ் அவனைப் பார்த்தா. அவன் என்னை ஒருக்காப் பார்த்திட்டு, "ஓம் மிஸ், விட்டிட்டன்" எண்டான்.

எங்களுக்கு ரெண்டாம் இடம். அடுத்த நாள் வகுப்பில சகாயம் என்ர பக்கத்தை விட்டு வேற மேசைக்கு மாறிட்டான். சண்டை இல்லை, ஏச்சு இல்லை. கேட்டதுக்குப் பதில் சொல்லுவான், அவ்வளவுதான். வலய மட்டப் போட்டிக்குப் போகேக்க நான் தனியத்தான் அந்த உருண்டையைத் தூக்கிக்கொண்டு போனனான்...

இப்ப நான் கிளிநொச்சியில நில அளவைப் படம் கீறுறன். படத்தில ஒரு மேடு தெரிஞ்சா, களத்துக்குப் போனவனைக் கேக்காமல் அழிக்காதேங்கோ எண்டு புதுசா வாற பிள்ளையளுக்குக் கத்திறன். கடும் ஆள் எண்டு சொல்லுவினம். எங்க பழகினனான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது.

சகாயம் சொந்தமாப் போட் கட்டுறான். எங்கட வகுப்புக்காரரின்ர இந்த வட்ஸ்அப் குரூப்பில அவனும் இருக்கிறான். என்ர கலியாணத்துக்கு ஒரு கைகூப்பின படம் போட்டவன், எல்லாருக்கும் போடுற மாதிரி.

அப்ப அவன் அதே வகுப்பிலதான் இருந்தவன். திரும்பி ஒரு வசனம் சொன்னாப் போதும். இப்ப நம்பர் கையில கிடக்கு, அழுத்த விரல் வரேல்லை. எடுத்துத் தனியச் சொல்லலாம்தான்... ஆனா அண்டைக்கு நான் பொய்யைத் தனியச் சொல்லேல்லை. முழு வகுப்புக்கும் முன்னாலதான் சொன்னனான். அதாலதான் இங்க எழுதுறன், அந்த வகுப்பில பாதிப்பேர் இதை வாசிக்கிறீங்கள்.

சகாயம் மலையைச் சரியாத்தான் வைச்சவன். அழிச்சது நான்.